சனிக்கிழமை ஆறு மணியும் ஒரு கடல்நாயும்

பின்லாந்தில் கோட்கா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கட்டடத்தில் இருபத்தாறு வீடுகள், கீழ்த்தளத்தில் ஒரே ஒரு சௌனா, அதாவது காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற அறை. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் முறை. அந்த முறைப்பட்டியலை எழுதிக் கதவில் ஒட்டுவதும், யார் வந்தார், யார் வரவில்லை என்று நோட்டில் குறிப்பதும் என் வேலை. சம்பளம் கிடையாது. மரியாதையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பட்டியல் எழுதுகிறவனுக்கு நல்ல முறை கிடைத்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. எனக்குச் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி. அப்போதுதான் கல் சூடேற ஆரம்பித்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் ஆவிக்குப் பதில் ஒரு பெருமூச்சுதான் வரும்.

சனிக்கிழமை ஆறு மணி கௌகோ ஹூத்தினெனுடையது. மதியத்திலிருந்து நாலு வீட்டார் குளித்து, கல் உள்வரைக்கும் காய்ந்து பழுத்திருக்கிற நேரம் அது. பத்தொன்பது வருடமாக அவர்தான் அனுபவிக்கிறார். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, ஒன்பது வருடமாக. ஒருவரிடமிருந்து முறை கைமாற மூன்று வழிதான் உண்டு: அவர் சாக வேண்டும், வீடு மாற வேண்டும், அல்லது தொடர்ந்து நாலு வாரம் வராமல் இருக்க வேண்டும். கௌகோ சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. படியில் அவர் இருமினால் மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பேன், அவ்வளவுதான்.

மனிதர் சரக்குக் கப்பலில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்தவர். எழுபது வயதுக்கு மேலேயும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை ஒற்றைக் கையில் மாடிக்குத் தூக்கிப் போவார். பேச்சுதான் வராது. மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் "மழை" என்பார். நான் "ஆமா" என்பேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் இந்த அளவில்தான் இருந்தது.

அவருடைய இடது முன்கையில் ஒரு கடல்நாய். 1975இல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் பச்சை குத்திக்கொண்டது. குத்தினவனுக்கு அன்றைக்கு ஜலதோஷமாம். மீசை வரைகிற நேரத்தில் தும்மிவிட்டான், ஒரு மீசை முழங்கை வரைக்கும் போய்விட்டது. அதன் பிறகு முப்பது வருடம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கப்பல் தளத்து வெயிலில் கிழங்கு உரித்தால் எந்தக் கடல்நாய் தாங்கும்? கறுப்பு நீலமாகி, நீலம் பச்சையாகி, கோடெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் தலை எது வால் எது என்று கௌகோவுக்கு மட்டுமே தெரிந்தது. மீன் சந்தைக்காரி அதை ஊறுகாய் வெள்ளரிக்காய் என்று நினைத்துக்கொண்டு, ஏன் போயும் போயும் வெள்ளரிக்காய் என்று கேட்டாளாம். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார்.

போன ஜூன் மாதம் ரத்த அழுத்தம் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். செவிலிப் பெண் அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்தில் அத்தனை கருணையோடு கேட்டிருக்கிறாள்.

"எப்ப விழுந்தீங்க?"

"எழுபத்தஞ்சுல. ஆன்ட்வெர்ப்புல."

நேராக அங்கிருந்து பச்சை குத்துகிற கடைக்குப் போய்விட்டார்.

கடைக்காரப் பெண் பெயர் பீலா. கழுத்துவரைக்கும் பூச்செடி குத்தியிருப்பாள், வேலையில் கெட்டிக்காரி. வலிக்குமா, மாத்திரை சாப்பிடலாமா, தும்மல் வருமா என்று கௌகோ எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து பழைய கோடுகள்மேல் புதுக்கோடு போட்டு, ஓடிப்போன மீசையை ஒரு அலையாக மாற்றி, கடல்நாயை மறுபடி கடல்நாயாக்கிவிட்டாள். பிறகு பராமரிப்பைச் சொன்னாள். வாசனை இல்லாத சோப்பில் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவணும், துடைக்காமல் ஒற்றி எடுக்கணும், களிம்பை மெல்லிசாகத் தடவணும்.

"ரொட்டில வெண்ணெய் தடவுற மாதிரியா?" என்று கேட்டார் சமையல்காரர்.

"உங்க வீட்டு வெண்ணெய் இல்ல, கஞ்சன் வீட்டு வெண்ணெய்."

அரித்தால் சொறியக் கூடாது, உரிந்தால் பிய்க்கக் கூடாது. நாலு வாரத்துக்கு வெயில் ஆகாது, கடல் ஆகாது, சௌனா ஆகாது. கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். சொன்னாள். அவர் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்ட தாளில் மூன்றாவது வரியாகவே அது இருந்ததையும் காட்டினாள்.

அத்தனை கேள்வி கேட்ட மனிதர் இதை ஏன் கேட்கவில்லை என்றால், அது கேள்வியாகவே தோன்றவில்லை. எங்கள் பாட்டன்மார் பிறந்தது சௌனாவில். செத்த பிறகு அவர்களைக் கழுவியதும் அங்கேதான். நடுவில் கை எரிகிறது என்பதற்காக ஒருவன் போகாமல் இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? இப்போது கணக்கு நேராக இருந்தது. நாலு வாரம் போகக் கூடாது. நாலு வாரம் போகாவிட்டால் சனிக்கிழமை ஆறு மணி எனக்கு.

இதெல்லாம் அவர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் பார்த்தது வேறு. முதல் சனிக்கிழமை ஏழு மணிக்குத் தலை நனைய, கழுத்தில் துண்டோடு கௌகோ மேலே ஏறி வந்தார். ஆறு மணிக் கல்லிலிருந்து வருகிறவன் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்திருக்க வேண்டும். இவர் மாவு மாதிரி வெளுத்திருந்தார். ஜூலை மாதத்தில் முழுக்கைச் சட்டை வேறு. மனதில் குறித்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் படிக்கட்டில் தனியாக நின்று தன் கையைத் தானே பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தார். சொறியக் கூடாத அரிப்பு என்று தெரியாமல், ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், பிறகு வெட்கப்பட்டேன், பிறகு மறுபடி சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது வாரம் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு தீப்பெட்டிகளை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். கையில் தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது. உரிந்த சருகெல்லாம் கறுப்பாக வரவே, படமே உதிர்கிறது என்று பயந்துபோய், மீசைப் பக்கம் உதிர்ந்ததை ஒரு பெட்டியிலும் வால் பக்கத்தை இன்னொன்றிலும் சேர்த்து, மேலே எழுதியும் வைத்து, பீலாவிடம் கொண்டு போயிருக்கிறார். திரும்ப ஒட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவள் இரண்டையும் குப்பையில் கொட்டிவிட்டு, உரிந்தது மேல்தோல்தான், உங்கள் பிராணி உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று அனுப்பிவைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை, பல்பைப் பார்க்கிற சாக்கில் நான் கீழே இறங்கினேன். உடை மாற்றும் அறைக் கதவைத் திறந்தால், பூட்ஸ்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் மனிதர். தலைமுடியிலிருந்து குழாய்த் தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே அருமையான கல் யாருமில்லாமல் காய்ந்துகொண்டிருக்கிறது. என்னை அவர் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். "பல்பு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று. மறைப்பானேன், அந்த வாரம் எனக்குப் புதுத்துண்டு வாங்கினேன். குடியிருப்போர் கூட்டத்தில் பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று பேசியும் பார்த்தேன். அழகாக வந்தது.

நாலாவது சனிக்கிழமை ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக கௌகோ என் வாசலில் நின்றார். சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.

"இது என்ன?"

மீசையோடு, அலையோடு, யாரையும் மதிக்காத ஒரு பார்வையோடு அது படுத்திருந்தது. "கடல்நாய்" என்றேன்.

"ம்" என்று சட்டையை இறக்கிவிட்டார். இதுவரைக்கும் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது.

"ஓஸ்மோ, மூணு வாரமா நான் உள்ள உக்காரல. விளக்கப் போட்டேன், தலைய நனைச்சேன். அதுக்குப் பேரு வந்தது இல்ல. இன்னிக்கும் என்னால ஆகாது. சட்டப்படி இது உனக்குத்தான் சேரணும். போ, கல்லு நல்லா இருக்கு." சாவியை என் செருப்பு அலமாரிமேல் வைத்தார்.

கூட்டத்துக்காகத் தயாரித்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. புதுத்துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பழக்கதோஷத்தில் அவரும் பின்னாலேயே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மேல்படியில் ஏறி முதல் அகப்பைத் தண்ணீரை ஊற்றினேன். ஒன்பது வருடம் காத்திருந்தது வீண் இல்லை. சூடு முதுகில் வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கண்ணே கலங்கியது. அடுத்த அகப்பையைத் தூக்கினேன். வெளியிலிருந்து குரல் வந்தது.

"பறக்காத. கல்லு மூச்சு விடட்டும்."

பொறுத்தேன்.

"இப்ப ஊத்து. இடது மூலைல."

ஊற்றினேன். அவர் சொன்ன மூலையில் இருந்த சூடு வேறு ரகம். ஐந்தாவது அகப்பையை நான் அவசரத்தில் நடுவில் கொட்டிவிட்டேன். அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. கதவு திறந்தது. உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், கீழ்ப்படியில் உட்கார்ந்தார், இடது கையை மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே நீட்டிக்கொண்டார்.

"கதவச் சாத்துய்யா, சூடு போகுது."

"கை இருக்கு அங்க."

மூன்று நிமிடம் அப்படியே இருந்தோம். என் ஒன்பது வருடத்துச் சூடு அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு வெளியே போயிற்று. அவர் முகம் மட்டும் மெதுவாகச் சிவந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தத் தோளெல்லாம் இறங்கி இளகியதைப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வெளியே வந்து நோட்டைத் திறந்தேன். வராதவர் கட்டத்தின்மேல் பேனா நின்றது உண்மை. அதில் ஒரு கோடு போட்டால் போதும், அவரே ஒத்துக்கொண்ட விஷயம், எவனும் என்னைக் குறை சொல்ல மாட்டான். பக்கத்துக் கட்டத்தில் "வந்தார்" என்று எழுதினேன்.

அவர் தலையை நீட்டிப் பார்த்தார். "கை வெளியிலதான இருந்துச்சு?"

"கைக்குன்னு நோட்டுல தனிக் கட்டம் இல்ல."

அவர் நிதானமாகக் களிம்பை எடுத்து, கஞ்சன் வெண்ணெயாகத் தடவிக்கொண்டார். சட்டைப் பொத்தானைக் கடைசி வரைக்கும் போட்டார். கதவுப் பக்கம் போனவர் திரும்பாமலே சொன்னார்.

"அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு வா. உன்கிட்ட அகப்பைய மட்டும் குடுக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன். காத்திருப்போர் பட்டியலில் இன்றைக்கும் முதல் பெயர் என்னுடையதுதான். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, எத்தனை பேருடைய முறையை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். வா என்று என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.