நிலம் ஓயாத கரையில் மூன்று நாள்

போன அக்டோபரில், கலிபோர்னியாவில் நாங்கள் குடியிருக்கும் சான்டா கிளாராவிலிருந்து ஏறக்குறைய முந்நூறு மைல் வடக்கே, ஹம்போல்ட் கடற்கரைக்குப் போய்வந்தோம். ரெட்வுட் மரங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த வழிதான். நாங்கள் போனது மரம் பார்க்க அல்ல. என் மனைவி நஸ்ரின் குழந்தை மருத்துவர். ஜே1 விசாவில் இருக்கிறாள். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் இந்தியாவுக்குப் போய் இருக்க வேண்டும், இல்லையென்றால் டாக்டர் கிடைக்காத ஊர் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். அந்தக் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நல்ல செய்திதானே என்பீர்கள். அந்த ஊருக்கு நேரே, கடலுக்கடியில், ஒரு பூமித்தட்டு இன்னொன்றின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அங்கே சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தன. பெரியது ஒன்று வந்து, பின்னால் சின்னவை வந்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. இதில் எது தலை, எது வால் என்றே தெரியாது. தானாக அடங்கிப் போகலாம், பெரியது ஒன்று பின்னால் வரவும் செய்யலாம். யாரும் உறுதியாகச் சொல்வதில்லை.

நான் நாகூர்க்காரன். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த காலையில் மொட்டை மாடியில் நின்று பார்த்தவன். அதற்கும் காரணம் இதே போல் ஒரு தட்டு நுழையும் இடம்தான். நஸ்ரின் திருச்சிக்காரி, அவளுக்குக் கடல் என்றால் லீவில் போய்க் கால் நனைக்கிற இடம். நேரில் பார்த்தால் அவளே வேண்டாம் என்பாள் என்ற நப்பாசையில்தான் வண்டியை எடுத்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். எங்கள் மகள் ஆலியாவுக்கு எட்டு வயது, ஸ்கூலுக்கு இரண்டு நாள் லீவு. 101-ஐப் பிடித்தால் கடைசிவரை அதே சாலைதான். கோல்டன் கேட் பாலத்தில் வடக்கே போகும்போது டோல் கிடையாது, திரும்பும்போதுதான். சான்டா ரோசா தாண்டிய பிறகு ஹலால் சாப்பாடு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை, நஸ்ரின் கட்டிய புளிசாதம்தான் காப்பாற்றியது. யூகையாவிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். கார்பர்வில்லில் கேலனுக்கு ஒரு டாலருக்கு மேல் கூடக் கொடுத்தேன்.

கார்பர்வில்லுக்குப் பிறகு போனில் சிக்னல் போனது. நிலநடுக்கம் வந்தால் கத்துகிற ஆப் ஒன்றைப் போட்டிருந்தேன். அது கத்தினால் பயம். கத்தாமல் இருந்தது அதைவிட மோசம். இரண்டு பக்கமும் அந்த மாபெரும் மரங்கள். ஆலியா தலையை வெளியே நீட்டி “சோ டால்!” என்று கூவுகிறாள், எனக்கோ ஆடினால் இதெல்லாம் எந்தப் பக்கம் சாயும் என்பதே யோசனை.

தங்கியது ஃபார்ச்சூனாவில், ஒரு குஜராத்தி ஆன்ட்டியின் மோட்டலில். வரி போக 139 டாலர். சுத்தமான அறை, கெட்டில் உண்டு. சாவி கொடுக்கும்போதே ஆன்ட்டி, படுக்கைக்குப் பக்கத்தில் ஷூவை வைத்துக்கொள்ளுங்கள், ஆடினால் வெளியே ஓடாதீர்கள், மேசைக்கடியில் போங்கள் என்று ஹிந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னார். வைஃபை பாஸ்வேர்டு சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு எரிச்சல்.

வெள்ளிக்கிழமை காலை. நஸ்ரின் டீ போட்டுக்கொண்டிருந்தாள், ஆலியா பாலில் கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் லாரி மோதியதுபோல் ஒரு இடி. அப்புறம் தரை பக்கவாட்டில் போய் வந்தது. பத்துப் பதினைந்து நொடி இருக்கும். நினைவு வந்தபோது நான் பார்க்கிங் லாட்டில் வெறுங்காலோடு நிற்கிறேன். நெஞ்சோடு அணைத்திருப்பது எங்கள் ஃபைலை. பாஸ்போர்ட், விசா அப்ரூவல், கல்யாண சர்டிபிகேட் எல்லாம் ஒரிஜினலாக அதில்தான். எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே வரும். இங்கே விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது புரியும்.

திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் மேசைக்கடியில், ஆலியாவின் தலைமேல் நஸ்ரினின் கை.

“வாப்பா, வை டிட் யூ லீவ் அஸ்?” என்றாள் ஆலியா.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். “நல்லவேள, விசாவுக்கு ஒண்ணும் ஆவல.” சிரிப்பு சட்டென்று நின்றது. கெட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. வடக்கே இருபது நிமிடம். வழியில் சுனாமி அபாயப் பகுதி என்ற நீலப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. உள்ளே யாரும் காலையில் ஆடியதைப் பற்றிப் பேசவே இல்லை. அங்கே இருக்கும் ஒரே குழந்தை டாக்டர் ஓய்வு பெறுகிறாராம். கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓட்டுகிறார்களாம். வராந்தாவில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நஸ்ரினிடம், “நீங்கதான் புது டாக்டரா?” என்று இங்கிலீஷில் கேட்டாள். நஸ்ரின் குனிந்து குழந்தையின் இருமலைக் கேட்டாள்.

மத்தியானம் ஃபெர்ன்டேல் வழியாக மத்தோல் ரோட்டில் கடலுக்குப் போனோம். இருபது மைல்தான், ஆனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். குண்டும் குழியும், மேட்டில் மாடுகள், கடைசியில் செங்குத்தாக ஒரு இறக்கம். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் போங்கள். முன்பு வந்த ஒரு பெரிய நிலநடுக்கத்தில் இந்தக் கரையே ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியதாம். கடலுக்குள் இருந்த பாறைகள் இப்போது காய்ந்து கிடக்கின்றன. ஆலியா அவற்றின்மேல் ஏறிக் குதித்தாள்.

இனியும் சுற்றி வளைக்க முடியவில்லை. “வேணாம் நஸ்ரின். எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கு நாகூர்ல நான் பாத்தத நீ பாக்கல,” என்றேன்.

“எனக்கும் பயம்தாங்க,” என்றாள். “ஆடினா நான் என்ன பண்ணுவேன்னு பாக்கத்தான் வந்தேன். புள்ளைய இழுத்துக்கிட்டு மேசைக்குக் கீழ போயிட்டேன். அது போதும் எனக்கு. இந்தியா போனா ரெண்டு வருஷம், நீங்க வேலைக்காக இங்க, நாங்க அங்க. இங்க வந்தா மண்ணு மட்டும்தான் ஆடும்.”

“நான்?”

“நீங்க என்ன பண்ணுவீங்கன்னும் பாத்துட்டேனே. அதான் அழுகையா வருது.”

அவள் ஃபெர்ன்டேலில் சிக்னல் கிடைத்ததும் சம்மதம் என்று மெயில் அனுப்பினாள். நான் வண்டியை ஓரம் கட்டிக்கொடுத்தேன்.

சனிக்கிழமை திரும்பினோம். போக நினைப்பவர்களுக்கு: குளிர்கால மழையில் மத்தோல் ரோடு வேண்டாம். மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும்போது நிலம் நீண்ட நேரம் ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு நடந்து ஏறுங்கள். ஆட்டம் கொத்தாக வரும் சமயத்தில் போவதா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. திரும்பி வந்த பிறகும் சும்மா இருக்கும் தரை ஆடுவதுபோல் ஒரு வாரம் இருந்தது.

ஜூலையில் குடிபோகிறோம். வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன்; முடியாது என்றால் வேறு கம்பெனி பார்க்க வேண்டியதுதான். பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. வீடு கிடைத்துவிட்டது. இப்போது உறுதியான சாப்பாட்டு மேசை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் எத்தனை பேர் உட்கார என்று கேட்கிறார். உட்கார எத்தனை பேராக இருந்தாலும் சரி, அடியில் மூன்று பேர் கொள்ள வேண்டும்.