ஜன்னல் இல்லாத அறை

சிட்னியில் இருக்கும் மகன் எங்களைக் கப்பல் பயணத்துக்கு அழைத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, அறைக்கு ஜன்னல் உண்டா என்பதுதான். இல்லை என்றான். கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறையாம். இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு குளியலறை, நாலு பக்கமும் சுவர்.

"கடலப் பார்க்கப் போற கப்பல்ல கடல் தெரியாத அறையா மகன்?" என்றேன்.

அவன் தொண்டையைச் செருமினான். பக்கத்தில் இருந்த என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஜன்னல் என்னத்துக்கு? நித்திர கொள்ளத்தானே," என்றாள்.

மகனின் கஞ்சத்தனம் எனக்கு விளங்கிவிட்டது. வெளிநாடு போனால் பிள்ளைகளுக்குக் கை இறுகிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். தாய் மகனின் கட்சியில் சேர்ந்ததும் புதினம் இல்லை. அவள் என் கட்சியில் நின்றிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

நான் புவியியல் படிப்பித்தவன். இறக்காமத்தில் தொடங்கிக் கல்முனையில் ஓய்வுபெறும்வரை, பசுபிக் பாடம் வந்தால் கரும்பலகையில் ஒரு பெரிய வளையம் கீறுவேன். வளையம்தான் முருகைக்கல் தீவு, பவளப்பாறைத் தீவு. உள்ளே அசையாத நீர், வெளியே பெருங்கடல். உள்ளேயிருக்கும் நீருக்கு மட்டும் நீலச் சோக்கால் நிறம் தீட்டுவேன். இறக்காமத்துப் பிள்ளைகளுக்குக் கடலைவிட யானைதான் பழக்கம். "சேர், அந்தத் தீவுல யானை வந்தா எந்தப் பக்கம் ஓடுற?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. இன்னொருத்தி, "நீங்க அதக் கண்டீங்களா சேர்?" என்றாள். படத்தில் கண்டேன் என்றேன். அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கப்பல் சிட்னியிலிருந்து புறப்பட்டு நியூ கலிடோனியா, வனுவாட்டு, பீஜி என்று சுற்றிவிட்டுத் திரும்பும். மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மேலேயிருந்து எடுத்தது. அதில் என் வளையம் இருந்தது, நீலமும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் போனைத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் சாய்த்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மனைவி கறியை வைத்துவிட்டுப் போவாள், வந்து ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போவாள்.

அவளுக்கும் கடலுக்கும் கதைபேச்சு இல்லை. சுனாமியில் அவளுடைய தங்கையைக் கடல் கொண்டுபோனது, மையத்தும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கடற்கரைக்குப் போகவில்லை. எங்கள் வீடு மருதமுனையில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறது. மீன்காரர் வந்தால் வாசலில் வைத்தே வாங்குவாள். கடற்கரை வீதியால் போனால் கிட்ட என்றாலும் பிரதான வீதியால்தான் போவாள். நாங்களும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஊரில் அப்படி எத்தனையோ பேர்.

அதனால், "எனக்கும் ஆசையாத்தான் இரிக்கி, போவம்," என்று அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலம் ஆற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஊரெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: ஆசை அவளுக்கு, நான் துணைக்குப் போகிறேன். புருசன்மாருக்கு இப்படிச் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. இரண்டு பேருக்கும் விசா வந்தது. கல்முனைக்குப் போய்த் தடித்த குளிர் அங்கி ஒன்று வாங்கினாள். அந்தத் தீவுகளில் குளிரே இல்லை என்று வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். கேட்டுவிட்டு அங்கியை மடித்துப் பையில் வைத்தாள்.

பிறகு ஒரு நாள் விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு நெஞ்சு நோகுது என்றாள். குசினிக் கதிரையில் இருந்தாள். ஓட்டோ வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அஸருக்கு முன் அடக்கமும் ஆயிற்று. மையவாடியிலிருந்து வந்ததும் யாரோ தேத்தண்ணி தந்தார்கள். சீனி காணாது என்று திருப்பிக் கொடுத்தேன். அந்த நாளில் எனக்கு ஒழுங்காக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், மற்றவர்களும் காத்திருந்தார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. சாப்பிட்டேன், தொழுதேன், பேப்பர் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. நான் முதலில் மனைவியின் வீட்டில் இருந்தேன், மகள் கல்யாணம் முடித்ததிலிருந்து மகளின் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து அறை எங்களுடையது. அதில் இப்போது நான் மட்டும் படுக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் எனக்கு ஒன்றுதான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு மகன் திரும்பப் போன் எடுத்தான்.

"வாப்பா, நீங்க மட்டுமெண்டாலும் வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு செல்லுங்க. உம்மாட பேர எடுக்கச் செல்லிக் கப்பல் கொம்பனில கேக்கிறாங்க." கொஞ்சம் பொறுத்து, "ஜன்னல் அறயாவே மாத்தித் தாறன்," என்றான்.

இப்போது மட்டும் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

அந்தக் கிழமை முழுதும் போவதா, விடுவதா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட யோசிப்பதுபோல் இருந்தேன் என்பதுதான் சரி. கப்பல் திரும்பத் திரும்பத் தொழும் திசையை, கிப்லாவை எப்படிப் பிடிப்பது, சாப்பாடு ஹலாலா, நீச்சல் தடாகத்தைச் சுற்றிப் படுத்திருப்பவர்களுக்கு முன்னால் கண்ணை எங்கே வைப்பது என்றெல்லாம் கேள்விகளை எடுத்தேன். எல்லாவற்றுக்கும் மகனிடம் பதில் இருந்தது. பதில் கிடைத்த பிறகும் என் நிலை அப்படியே கிடந்தது. வளையத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நல்ல நிறம் என்று மட்டும் தோன்றியது. ஒரு தீவைப் பார்க்க இவ்வளவு தூரம் போவது பெறுமதியா என்று கேட்டால் பெறுமதிதான். பார்ப்பவனிடம் ஏதாவது மிச்சம் இருந்தால்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலுக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் இருப்பது என் வழக்கம். அங்கே என் கூட்டாளி ஒருவன், முன்பு ஆழ்கடல் போட் வைத்திருந்தவன், என் விசயத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"கடலப் பாக்கிறதுக்குக் காசு குடுக்கிற ஆள இப்பதான் காணுறன். என்னோட வாங்க சேர், சும்மா காட்டுறன். வாந்தியும் சும்மா வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அறையில் இரண்டு கட்டில் என்றதும் திரும்பவும் தொடங்கிவிட்டான்.

"அப்ப ரெண்டாவது கட்டில் சும்மாவா போகப்போகுது? ஆள் பாக்கட்டா? சவளக்கடப் பக்கம் ஒரு இடம் கிடக்கு."

அவன் மனதில் கள்ளம் இல்லை. மனைவி போன ஆணை இப்படிப் பகிடி பண்ணித்தான் எங்கள் ஊரில் எழுப்பிவிடப் பார்ப்பார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை பகல் முடிவு எடுத்தேன். எடுப்பதற்குக் கஷ்டமாக இருக்கவில்லை. மகள் குசினியில் இடியப்பத் தட்டுக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் போகல்ல மகள்," என்றேன். "ஆசப்பட்டது உம்மா. அவ இல்லாம நான் என்னத்துக்கு? அதுவும் ஜன்னலில்லாத ஒரு பொட்டிக்குள்ள. ஒங்க காக்காக்கு அப்ப எடுக்க ஏலாத ஜன்னல் இப்பதான் ஏலுமாகிரிக்கி."

அண்ணனைக் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. தட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"காக்காவக் குத்தம் செல்லாதீங்க வாப்பா. அவர் முதல்ல எடுத்த ஜன்னல் அறதான். உம்மாதான் ஒங்களுக்கு ஒளிச்சி போன் கோல் எடுத்து, கடல் தெரியாத அறயா மாத்து மகன், வாப்பாக்குச் செல்லாத எண்டு சென்னா."

"அவக்குத்தானே ஆச?"

"உம்மாக்கா? ஒங்களுக்கு ஆர் சென்ன?" அவள் குரல் உடைந்தது. "கடலெண்டா உம்மாக்குக் கை கால் நடுங்கும். ஒங்களுக்காகத்தான் ஓமெண்ட. 'வாப்பா எத்தின வருசமா அந்த வளையத்தக் கீறினவர், ஒருக்காக் கண்ணால பாக்கட்டும். தனியப் போகச் சென்னா போகமாட்டார், நானும் வாறன் எண்டாத்தான் வெளிக்கிடுவார்' எண்டு சென்னா."

நான் துணைக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்தது.

மகள் நிறுத்தவில்லை. நான் அஸருக்குப் போனால் பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டுத்தான் வருவேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தாயும் மகளும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். கப்பலில் பத்து நாளைக்கு மேல் இருக்க வேண்டும், அதற்குப் பழக வேண்டும் என்று என் மனைவியே சொன்னாளாம். முதலில் எங்கள் குறுக்குத் தெரு, அந்த ஒழுங்கை முடியும் இடம்வரைதான். கடல் தெரிந்ததும் திரும்பிவிட்டாள். பிறகு தோணிகள் இழுத்து வைத்திருக்கும் இடம்வரை போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாளாம். சில நாள் கழித்துத்தான் முகத்தைத் திருப்பினாள்.

"கடைசியாப் போனண்டைக்குக் கால நனைச்சா," என்றாள் மகள். "என்ட கைய நோகநோகப் புடிச்சிட்டு, கண்ணையும் மூடிட்டு. திறந்து பாருங்க உம்மா எண்டன். திறந்தா. மறுகா, 'இண்டைக்கு இவ்வளவு காணும், வா போவம். கப்பலுக்குப் போறதுக்குள்ள முழங்கால் தண்ணி மட்டும் வந்திருவன்' எண்டா."

கால் மணலைப் பைப்படியில் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்களாம். அந்த ஈரம் எனக்குத் தெரியும். மஃரிபுக்குப் பிறகு நான் வரும்போது பைப்படி நனைந்து கிடக்கும். பைப்பை ஒழுங்காகப் பூட்டாதது யார் என்று அந்த வாசலில் நின்று நான் சத்தம் போடுவேன். அவள் உள்ளேயிருந்து, "நான்தான், நாளைக்கு ஒழுங்காப் பூட்டுறன்," என்பாள்.

அன்று அஸர் தொழுதுவிட்டு நான் தேத்தண்ணிக் கடைக்குப் போகவில்லை. மகள் ஒழுங்கை முனையில் நின்றாள். சேர்ந்து நடந்தோம். அவள் உம்மா இருந்த தோணியைக் காட்டினாள். பச்சைத் தோணி, ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. அதற்குப் பிறகு வலைகள் காயும் இடம். அதையும் தாண்டி, "இதிலதான்," என்று நின்றாள். மற்ற இடங்களைப் போல ஒரு இடம். செருப்பைக் கழற்றி, சாறனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. வீட்டிலிருந்து இவ்வளவு தூரத்தை அவள் எத்தனை பின்னேரங்களாக நடந்தாள் என்று நினைத்தேன். எனக்கு அவளைத் தேடியது. சின்னப் பிள்ளைகளுக்குத் தாயைத் தேடுமே, அப்படி. அவள் போனதிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

அங்கே நின்றபடியே மகனுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன சத்தம் வாப்பா அது?"

"கடல். நான் வாறன் மகன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான். "அப்ப ஜன்னல் அறைக்கு மாத்தச் செல்லுறன்."

"வேணாம். அந்த அறயே இரிக்கட்டும்."

"அதுல கடல் தெரியாதே வாப்பா?"

"ஜன்னல் என்னத்துக்கு?" என்றேன். "நித்திர கொள்ளத்தானே."

அந்தப் பக்கத்தில், பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்ட என் மகன் தேம்புவது கேட்டது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஓயும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.