எலி காலையில் எழுந்துவிட்டது

கார்த்தி, திங்கட்கிழமை நீ பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அப்ரெண்டிஸாகச் சேர்கிறாய். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். நிலா, நீயும் படி. உங்கள் சேகர் மாமாவைப் பற்றி ஆக்ஸிடென்ட் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருக்கிறோம்.

மூக்குதான் கண்

நான் பத்தாவது வரை படித்தவன். லேபில் எலிக்கூண்டு கழுவத்தான் என்னை எடுத்தார்கள். முதல் நாளே எங்கள் மேடம் என்னை வாசலில் நிறுத்திவிட்டார். அவர் கால்நடை டாக்டர். வீட்டில் கன்னடம் பேசுபவர், எங்களிடம் தமிழில் பேசுவார்.

"என்ன வேலு, பவுடர் போட்டிருக்கியா?"

"ஆமா மேடம். மொத நாளாச்சேன்னு."

"கல்யாணத்துக்கா வந்தே? போய்க் குளிச்சிட்டு வா. எலிக்கு மூக்குதான் கண்ணு."

கூண்டு கழுவிக்கொண்டே எலியைப் பிடிக்கக் கற்றேன். பிறகு உருண்டை முனை வைத்த ஊசியால், தொண்டையில் காயம்படாமல் வயிற்றுக்குள் மருந்து இறக்கக் கற்றேன். மருந்து என்று சொல்வது எங்கள் பழக்கம். பெரும்பாலும் அது பெயிண்ட், பூச்சிமருந்து, தொழிற்சாலைச் சரக்குதான்.

அக்யூட் டாக்ஸிசிட்டி என்பது இதுதான். ஒரு கெமிக்கல் ஒரே தடவை உடம்புக்குள் போனால் என்ன ஆகும், எவ்வளவு போனால் உயிர் போகும் என்று பார்ப்பது. ராத்திரி தீனியை எடுத்துவிடுவோம். காலையில் எடை போட்டு, எடைக்கேற்ற அளவு கொடுப்போம். அப்புறம் கூண்டு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடுங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, கண்ணில் நீர் வருகிறதா. பிழைத்தவற்றை இரண்டு வாரம் பார்ப்போம். கடைசியில் அவற்றையும் கொன்று, அறுத்து, உள்ளே பார்ப்போம். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இந்த வேலையில்தான் நீங்கள் வளர்ந்தீர்கள்.

இனிப்பு வாடை

ஒரு தடவை இரும்புச் சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம் ஒன்று வந்தது. பாட்டிலில் பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். மூடியைத் திறந்தால், அழுகப் போகிற பலாச்சுளையில் தின்னரை ஊற்றினமாதிரி ஒரு இனிப்பு வாடை.

முதல் மூன்று எலிகளுக்குக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தலை தொங்கியது. பின்னங்கால் இழுத்தது. ஒன்று சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. அது செத்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மூன்றும் எழுந்து தீனி தின்றுகொண்டிருந்தன. எடை போடத் தூக்கியபோது அவற்றின் மூச்சில் அதே வாடை அடித்தது. மற்றபடி எல்லாம் நார்மல்.

அளவைக் கூட்டிக் கொடுத்தபோது சில செத்தன. ரிப்போர்ட் போனது. விதிப்படி அந்தச் சரக்குக்கு லேபிளில் மண்டை ஓடு வராது. விழுங்கினால் கெடுதல் என்று ஒரு ஆச்சரியக்குறிதான் வரும். அதில் பொய் எதுவும் இல்லை.

"சும்னே பயப்படறே மாமா"

அப்போது உங்கள் அம்மாவின் தம்பி சேகர் நம்மோடுதான் இருந்தான். தொழிற்பேட்டையின் பக்கத்து ஸ்டேஜில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை. அங்கே பழகி, சும்மா என்பதைக்கூடக் கன்னடத்தில் சும்னே என்பான். சாயங்காலம் கதவு திறக்கும்போதே தள்ளாடுவான். குடித்திருக்கிறான் என்று அம்மா திட்டுவாள். காலையில் எழுந்து பாட்டுப் பாடிக்கொண்டே பல் விளக்குவான்.

ஒரு காலை, காபி டம்ளரை அவன் கையில் கொடுக்கக் குனிந்தேன். அவன் மூச்சில் அந்தப் பலாச்சுளை வாடை.

"டேய், உங்க கம்பெனில என்னடா சரக்கு ஊத்துறீங்க?"

"கிளீனிங் லிக்விட் மாமா. புதுசு. சேல்ஸ்காரன் சொன்னான், லேப்ல எலிக்குக் குடுத்துப் பாத்தாச்சாம். மறுநா எந்திரிச்சு ஜம்முனு தின்னுச்சாம். டப்பாவுல மண்டை ஓடு கூட இல்ல."

நாங்கள் பார்த்த அதே சரக்குதானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

"சாயங்காலம் தலை சுத்துதா?"

"சுத்தும். காலைல சரியாயிடுது இல்ல. சும்னே பயப்படறே மாமா. எலிய விட நான் கேவலமா?"

"எலிக்கு ஒரு தடவைதான்டா குடுத்தோம். வாயில குடுத்தோம். நீ தெனம் மூக்குல இழுக்குற."

அவன் சிரிப்பதை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் திரவம் நிற்கும் டேங்க்கைக் காலி செய்து, உள்ளே இறங்கி வண்டல் அள்ளும் வேலை இருக்கிறது என்றான். அவனும் அவன் சிநேகிதன் பசவாவும்தான் அள்ள வேண்டும்.

மேடத்திடம் ஓடினேன். "மூச்சு டெஸ்ட் நம்ம செய்யலே, யாரும் கேக்கலே. மூடின டேங்க்ல எந்தச் சரக்கானாலும் எறங்கக்கூடாது. அவனுக்கு ஸ்ட்ராங்கா சொல்லு," என்றார். சொன்னேன். சேகர் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். "சரி மாமா, நான் எறங்கல."

ஞாயிறு

வாட்ச்மேன் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

"எறங்க மாட்டேன்னுதான் சார் நின்னாரு. பசவாவையும் எறங்காதேன்னாரு. அவன் கேக்கல, அஞ்சு நிமிஷ வேலை குரு, நீ மேலயே நில்லுன்னு எறங்கிட்டான். அவன் உள்ள உழுந்த சத்தம் கேட்டுச்சு. இவரு செருப்பு கூட கழட்டல சார், குதிச்சிட்டாரு."

சேகர் அடியிலிருந்து பசவாவைத் தோளில் தூக்கித் தள்ளியிருக்கிறான். மேலே இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அடுத்து சேகரின் கை மேலே வரவில்லை.

பசவா பிழைத்தான். தீபாவளிக்கு ஸ்வீட் டப்பாவோடு வந்து, உட்காராமலே போகிற அந்தப் பசவா அங்கிள் அவர்தான்.

காரியத்துக்கு மேடமும் வந்திருந்தார். "நம்ம டெஸ்ட் பொய் இல்ல வேலு. ஆனா கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது," என்றார். நான் மறுவாரம் வேலைக்குப் போனேன். இப்போதும் போகிறேன். எலி காலையில் எழுந்து தீனி தின்றால், செத்துப்போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம் எடுத்துக்கொள்கிறேன்.

கார்த்தி, டப்பாவில் மண்டை ஓடு இல்லை என்று யாராவது சொன்னால், வாய்க்கா, தோலுக்கா, மூச்சுக்கா, எத்தனை நாளைக்கு என்று கேள். தெரியாது என்றால் தள்ளி நில்.

இன்னொன்று. மாமாவிடம் நான் இறங்காதே என்றேன். இன்னொருத்தன் விழுந்தால் என்ன செய்வது என்று பேசவே இல்லை. அது அப்போது எனக்கும் தெரியாது. உள்ளே ஒருவன் விழுந்தால் நீ குதிக்காதே. கத்து. ஆளைக் கூப்பிடு. வெளியிலிருந்து காற்றடிக்கச் சொல். ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணு. இறங்கும் முன்பே இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் மேலே நின்றபடியே இழுக்கலாம். உள்ளே காற்றைச் சோதிக்காமல், கயிறு இல்லாமல் யாரையும் இறங்க விடாதே.

அந்த நேரத்தில் சும்மா மேலே நிற்பது ரொம்பக் கஷ்டம். உன் மாமா நல்லவன், அதனால்தான் குதித்தான். நீயும் அவனைப் போலத்தான். அதனால்தான் எழுதுகிறேன்.