அரண்மனையின் குறுகல் படி

பெங்களூரு பொம்மனஹள்ளி அபார்ட்மெண்ட்களில் பல வருடம் பாத்திரம் தேய்த்த அம்மாவைப் போன மாதம் அரண்மனை பார்க்கக் கூட்டிப்போனேன். மாடிக்குப் போகக் கம்பளம் விரித்த அகலமான படிக்கட்டு இருந்தது. அம்மா அதை விட்டுவிட்டு, மூலையில் அந்தக்கால வேலையாட்களுக்காகக் கட்டிய குறுகல் படியில் ஏறப் போனாள்.

"அங்க ஏன்மா போற?" என்று கத்தினேன்.

"பெரிய படியில நம்மள விடுவாங்களா?"

காவலாளிதான், "ஈ கடே பன்னி அம்மா" என்று கன்னடத்தில் இந்தப் பக்கம் வரச் சொல்லிப் பெரிய படியைக் காட்டினார். அம்மா சுவரை ஒட்டியே ஏறினாள். அவளை இப்படிப் பழக்கிய வீட்டுக்காரர்களை வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

இப்போது நான் குடியிருக்கும் அபார்ட்மெண்ட்டுக்குத் திரும்பியதும், லிஃப்ட் பக்கத்தில் அந்தப் பலகை கண்ணில் பட்டது: ‘வேலையாட்கள் பின்பக்க லிஃப்டில் செல்லவும்.’

அதை மாட்டச் சொன்ன மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.