ஊட்டியில் இல்லாத தேவாலயத்தின் முன் ஒரு போட்டோ

ஜனவரி இரண்டாம் வாரம் ஊட்டி போய்வந்தேன். எல்லோரும் உறைபனி பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு படுதாவுக்காக. அண்ணன் இப்போது குடியிருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ உண்டு. அப்பா, அம்மா, குரங்குக் குல்லா போட்ட அண்ணன். பின்னால் படுதாவில் வரைந்த பனி மூடிய மரங்கள், வானத்தை அடைத்துக்கொண்டு பெரிய குவிமாடத் தேவாலயம். ஊட்டி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. எனக்கு அம்மை போட்டிருந்ததால் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்தவர்கள் நாற்பது வருடமாக "ஒரே பையனா?" என்று கேட்கிறார்கள். நான் மறப்பதாக இல்லை.

கோவையிலிருந்து 86 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, குன்னூரில் டீ குடித்து, ஒன்பதுக்குள் சேர்ந்தோம். இ-பாஸை முதல் நாளே எடுத்துவிடுங்கள். கேத்தியில் கேரட் தோட்டங்கள் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. நிறுத்தச் சொன்னேன், அண்ணன் நிறுத்தவில்லை. ஆம், காரும் அவருடையது, ஓட்டியதும் அவர்தான். மலைப்பாதை என் கண்ணுக்கு இப்போது ஒத்துவருவதில்லை.

சேரிங்கிராஸ் பக்கம் அந்த ஸ்டுடியோ இன்னும் இருக்கிறது. இப்போது பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும்தான். பழைய உரிமையாளரின் மகன், கம்ப்யூட்டரிலேயே என்னை அந்தப் பழைய போட்டோவில் அப்பா பக்கத்தில் நிறுத்திவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். பரணிலிருந்து படுதாவை இறக்கி மாட்டினார். தேவாலயம் அப்படியே இருந்தது, பனிதான் பழுப்பேறியிருந்தது. நான் படித்த சரித்திரத்தை வைத்து எந்த ஊர்க் கட்டடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஊட்டியில் நிச்சயம் இல்லை, தேடி அலையாதீர்கள்.

அண்ணன் தலை சீவிக்கொண்டு உள்ளே வந்தார். "நானும் நிக்கட்டுமாடா?"

"நீங்கதான் அப்பவே நின்னாச்சுங்களே."

அண்ணன் வாசலுக்குத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு பக்கக் கொக்கி கழன்று குவிமாடம் சரிந்தது.

"ஏனுங்க, அந்த ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்குங்க" என்று ஸ்டுடியோக்காரர் அண்ணனைக் கூப்பிட்டார். ஐம்பது தாண்டிய மனிதர், ஸ்டூல் மேல் ஏறிப் படுதாவுக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே அதட்டல் வேறு: "நிமிந்து நில்லுடா, கூன் போடாத."

படத்தில் நிமிர்ந்துதான் நிற்கிறேன். குவிமாடத்துக்குப் பக்கத்து வானத்தில் நாலு விரல், முருகன் மோதிரத்தோடு. அழித்துத் தரட்டுமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார்.

"இருக்கட்டுங்க."

போகிறவர்களுக்கு: வெயில் ஏறினால் உறைபனி கரைந்துவிடும், கேத்தியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிற ஆளோடு போங்கள். போட்டோ பிரிண்டோடு முந்நூறு ரூபாய், அரை மணியில் கையில் கிடைக்கும். என்னுடையதை அண்ணன் வீட்டு ஹாலில், பழைய போட்டோவுக்குப் பக்கத்தில், நானே ஆணியடித்து மாட்டினேன். ஒரு விரற்கடை மேலே.