வெறும் வண்டியில் பார்த்த டயர்

காலை எட்டரை மணி. கம்பத்தில் என் டயர் கடை முன்னால் செல்வத்தின் ஜீப் நொண்டிக்கொண்டு வந்து நின்றது. மூன்று சக்கரம் அகலம், பின்னால் ஒன்று மட்டும் ஒல்லியான பழைய ஸ்டெப்னி. பின்னாலேயே ஒரு காலி லாரியிலிருந்து பன்னிரண்டு பெண்கள் தூக்குவாளியோடு இறங்கினார்கள். மேலே ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இது 2004இல் நடந்தது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் குமுளிக்கும் தேனிக்கும் நடுவில் என்னிடம் யோசனை கேட்காமல் டயர் மாற்றிய ஜீப் டிரைவர் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மற்றவர்கள் டேப் வைத்து அளப்பார்கள். எனக்கு விரல் போதும்.

செல்வம் காமயகவுண்டன்பட்டிக்காரன். அவனைவிட வயதான ஜீப் அது. தினமும் காலையில் அந்தப் பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறுவான். அந்த ஓட்டம்தான் அவன் பிழைப்பு. ஸ்டாண்டில் புது ஜீப்புகள் வந்து நிற்க ஆரம்பித்ததும், ஆட்கள் மாறிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் என்னிடம் வந்தான்.

"அண்ணே, நம்ம வண்டி கெழவன் மாதிரி இருக்கு. கொச்சிக்காரர் ஒங்க கடையில கழட்டிப் போட்டுப் போனாகல்ல, அந்த அகல டயரயும் ரிம்மயும் மாட்டி விடுங்க."

"ஏலே, இது பழைய பாடி. பதினாறு இஞ்ச் ரிம்மு, ஒல்லி டயரு, கட்ட கட்டயா ரப்பர் பட்டன். அதுதான் இதுக்குச் சேரும். ஒல்லி டயருன்னா சேத்த அறுத்துக்கிட்டு கெட்டித் தரையப் போயிப் பிடிக்கும். அகலம் மேலயே மெதந்து வழுக்கும்."

"தோட்டத்துக்குள்ள கொஞ்சந்தேண்ணே சேறு, மத்ததெல்லாம் தாரு. ஒங்களால முடியாதுன்னா சொல்லுங்க, தேனிக்குப் போறேன்."

என்னால் முடியாதா? அந்த ஒரு சொல்லில் என் புத்தி போய்விட்டது. மாட்டினேன். அஞ்சு நட்டும் அச்சாக உட்கார்ந்தன. டயரில் பாதி பாடிக்கு வெளியே நின்றது, பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. டயருக்கும் மேலே மட்கார்டு தகரத்துக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் இடைவெளி. நானும் அவனும் ஏறி மார்க்கெட்டைச் சுற்றி வந்தோம், ஒரு சத்தம் இல்லை. "தேனிக்குப் போறானாம்ல!" என்று சிரித்து அனுப்பினேன்.

இப்போது அந்த டயர்களில் ஒன்றைத்தான் செல்வம் என் காலடியில் போட்டான். மேல் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அறுந்து உள்நூல் தெரிந்தது. மூணாவது கொண்டை ஊசி வளைவில், வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தபோது தகரம் டயரை அறுத்திருக்கிறது. ரப்பர் கருகும் வாடை பிடித்துக் கத்தி நிறுத்தியவர் பேச்சியம்மாள். அந்தப் பெண்களுக்கு அவர்தான் தலைவி. அதற்கப்புறம் ஒருத்தியும் அந்த ஜீப்பில் ஏறவில்லை.

"ஏய்யா, நீருதேன் இந்த டயரப் பாத்து மாட்டுனவரா?"

"நாலு விரக்கட இருந்துச்சு ஆத்தா. ஓட்டியும் பாத்தேன்."

"ஆள ஏத்திப் பாத்தீரா?"

"டயர் மாட்டுறப்ப எல்லாரும் வெறும் வண்டியிலதேன் பாப்பாக."

"வெறும் வண்டியா எங்களக் கூட்டிட்டு மேல போகுது?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். செல்வம் தலையைத் தூக்கவே இல்லை.

"நாளைக்கு எந்த ஜீப்புல போறதுன்னு இப்பவே தெரியணும்" என்றார் பேச்சியம்மாள். "ஸ்டாண்டுல வேற வண்டி நிக்கிது."

பன்னிரண்டு பேரையும் ஏறி உட்காரச் சொன்னேன். ஸ்பிரிங் பட்டை அமுங்கி பாடி இறங்கியது. குத்தவைத்து, அகல டயர் நின்ற பக்கம் விரலை நுழைத்தேன். ஒரு விரல்கூடப் போகவில்லை. வண்டி நேராக நிற்கும்போதே இப்படி. வளைவில் சாய்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அகல டயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழைய ரிம்மையே திருப்பி மாட்டினேன். பட்டன் தேய்ந்திருந்த இரண்டுக்குப் புது ஒல்லி டயர் போட்டேன். மறுபடி பன்னிரண்டு பேரையும் ஏற்றினேன். டயர் பாடிக்குள்ளேயே நின்றது. மேலே தாராளமாக மூணு விரல் போனது.

"பழையபடி கெழவனாயிருச்சே" என்று செல்வம் முனகினான்.

"கெழவன்னா என்ன? மேல கொண்டுபோயி எறக்குனாச் சரி" என்றார் பேச்சியம்மாள். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு நீரும் ஏறும். அந்தச் சக்கரத்துக்கு மேலயே ஒக்காரும். அப்பத்தேன் நாங்க ஏறுவோம்."

ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். மேலே போய் இறங்கும்வரை அந்தப் பெண்கள் என்னைக் கேலி செய்து சிரித்தார்கள். செல்வத்துக்கு ஓட்டம் நிலைத்தது. அவர்களுக்கு முந்தின நாள் வேலை போனது போனதுதான்.

அன்றைக்குப் பிறகு ஆள் ஏற்றிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் என் கடையிலிருந்து அனுப்பியதில்லை. ஆள் இல்லாவிட்டால் பக்கத்து மண்டியில் அரிசிச் சிப்பம் வாங்கி ஏற்றுவேன். "எங்கண்ணே கத்துக்கிட்டிய?" என்று கேட்பவர்களிடம் எல்லாம், என் சொந்த மூளை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன்.

என் மூளை இல்லை. அது பேச்சியம்மாள் கேட்ட கேள்வி.