விளக்குக்கரியில் உருட்டிய அளவு

உருளையைச் சுற்றிச் சாய்ந்தேறும் தவாளிப்புகளை, அந்தச் சுருள் பள்ளங்களை, அளப்பதுதான் இப்போது என் தொழில். ஆள்கூற்று அளவு இயந்திரத்தின் மாணிக்கக் குண்டு, உழுந்தளவும் இல்லை, தவாளிப்பின் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போகும். தொட்ட இடமெல்லாம் திரையில் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்து சுருளாகும். ஆனால் அதற்கு முன் இயந்திரம் ஒன்று கேட்கும்: சுருள் வலமா, இடமா? அந்தக் கேள்வியை முதன்முதல் பார்த்த அன்று எழுந்து வெளியே போய் நின்றேன். அப்பா இறந்து அப்போது ஒன்பது வருடம்.

அப்பா இருந்த காலம், எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவுக் கரையில் இருந்தோம். கண்ணிவெடியில் போன காலுக்குப் பதிலாக அப்பாவுக்கு ஒரு பொய்க்கால். அதன் முழங்காலுக்குள் ஒரு குழாய், குழாயில் சாய்வாக ஒரு தவாளிப்பு, அதில் ஓடும் ஒரு முளை. எழுந்து நின்று பிடியை வலப்பக்கம் திருப்பினால் முளை ஏறி முழங்கால் பூட்டிக்கொள்ளும். இடப்பக்கம் திருப்பினால் மடங்கும். தவாளிப்புத் தேய்ந்து, நடக்க நடக்கப் பூட்டு நழுவத் தொடங்கியது. பரந்தனில் ஒருவர் புதிதாகக் கடைந்து தருவாராம், அளவு வேண்டுமாம். குழாயையே கொடுத்துவிட்டால் அது திரும்பி வரும்வரை அப்பா பாயில்தான்.

அடிமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவின் தம்பி, என் மாமா, கைவிட்டார். வளைவில் மட்டம் நிற்கவில்லை. நான் குப்பிவிளக்கின் கரியைக் குழாயில் பூசி, கொப்பித் தாளில் ஒரு சுற்று உருட்டினேன். கறுப்புக்கு நடுவே வெள்ளையாய், சாய்ந்த நேர்கோடாய், அந்தச் சுருள் படுத்துக் கிடந்தது.

"எடியே, ஆரடி உனக்கு உதைக் காட்டித் தந்தது?" என்றார் மாமா. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துச் சைக்கிளில் ஏறினார். ஒரு கிழமை நான் தரையில் நடக்கவில்லை.

முத்திரையில் போலவே, உருட்டிப் பதித்தால் வலம் இடமாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. தாளை மட்டுமே கண்ட பரந்தன்காரருக்கும் தெரிய வழியில்லை.

புதுக்குழாய் வந்தது. அப்பா அதைக் காலில் மாட்டி எழுந்தார். பிடியை ஒருதரம் வலப்பக்கம் திருப்பினார். பூட்டவில்லை. இடப்பக்கம் திருப்பினார், பூட்டிக்கொண்டது.

"சரியோ அப்பா?"

"ஓம் பிள்ளை. அச்சொட்டு."

"அத்தான், இது மற்றப் பக்கமெல்லே..." என்று மாமா தொடங்கினார்.

"நீர் தேத்தண்ணியைக் குடியும்" என்றார் அப்பா.

அந்த ஞாயிறு மாதா கோயில் பூசையில், நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்தார்கள். காலுக்காக ஓரமாய்ப் போட்ட வாங்குப் பலகையிலிருந்து அப்பாவும் எழுந்தார். கை, பழகிய வலப்பக்கமே போனது. கால் மடிந்தது. வாங்கின் விளிம்பில் நெற்றி வெடிக்க விழுந்தார். தூக்க வந்தவர்களில் ஆரோ, "குழாய் பிழை போல கிடக்கு" என்றது என் காதில் விழுந்தது. ரத்தம் கண்ணில் படவில்லை, அந்தச் சொல்தான் பட்டது.

"நான் அளந்தது சரி! அப்பாவுக்குத்தான் திருப்பத் தெரியாது!" கோயில் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"ஓம், ஓம். என்ரை கைதான் பிழை" என்றார் அப்பா, நிலத்தில் இருந்தபடி.

மறுநாள் அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல். என்னப்பா இது என்று கேட்டேன். "நேர்த்திக்கடன்" என்றார். எழும்பும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்ப்பார், பார்த்துவிட்டே பிடியைத் தொடுவார். நூல் நைந்தால் புதிது கட்டுவார். என்ன நேர்த்தியென்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காதாக்கும் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டு, அது கெதியாய்ப் பலிக்கட்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தேன்.